கேம்பர் வேனின் பின்னால் நான்கு சைக்கிள்: எந்த ரேக், எங்கே மாட்டுவது?

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். 3350 மி.மீ. வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களின் அச்சுகளுக்கு இடையே உள்ள தூரம்) உள்ள டெம்போ டிராவலர் ஒன்றைப் படுக்கை, அடுப்பு, 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஆகியவை வைத்த கேம்பர் வேனாக மாற்றியிருக்கிறீர்கள். மதுரையிலிருந்து கொடைக்கானல், மேகமலை, ராமேஸ்வரம் என்று குடும்பத்தோடு போகும்போது நான்கு சைக்கிள்களை வண்டியின் பின்னால் மாட்டிக்கொண்டு போக விரும்புகிறீர்கள். எந்த ரேக் வாங்கலாம், பின்சுவரில் துளையிட்டால் மழைநீர் உள்ளே இறங்குமா, வழியில் யாராவது நிறுத்தி அபராதம் போடுவார்களா என்பவை உங்கள் கேள்விகள். மூன்றும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் இவற்றுக்கு முன்னால் விடை காண வேண்டிய இரண்டு கேள்விகள் இவற்றுக்குள்ளேயே இருக்கின்றன: பின்பக்கத்தில் எந்த இரும்பு இந்தச் சுமையைத் தாங்கப்போகிறது, பின் ஆக்சில், அதாவது பின் சக்கரங்களின் அச்சு, இன்னும் எத்தனை கிலோ ஏற்றுக்கொள்ளும்? இவை தெரிந்துவிட்டால் எந்த ரேக் என்பது பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும். கேட்லாக்கைப் பார்த்து ரேக்கை வாங்கிவிட்டு, அதை மாட்டுவதற்கு இடம் தேடிப் பட்டறைக்கு வருபவர்களுக்குத்தான் செலவு இரட்டிப்பாகிறது.

நான் மதுரையில் வண்டிகளுக்குப் பாடி கட்டும் தொழிலில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். வேன், ஆம்புலன்ஸ், நடமாடும் கடை என்று பலவற்றின் பின்பக்கத்தில் ஏணி, ஸ்டெப்னி, கேரியர் ஆகியவற்றை மாட்டியும் கழற்றியும் வந்த பழக்கத்தில் இதை எழுதுகிறேன். உங்கள் வண்டியை நான் பார்க்கவில்லை. பின்பக்கத்தில் கம்பெனிக் கதவு அப்படியே இருக்கிறதா, அதை எடுத்துவிட்டுச் சட்டமும் தகடும் வைத்து அடைத்திருக்கிறார்களா என்பதை நீங்கள் எழுதவில்லை. அதனால் எடை, சுமை, துளையிடும் முறை ஆகியவற்றைப் பற்றி உறுதியாகச் சொல்கிறேன். உங்கள் சுவர் தாங்குமா என்பதைச் சுவரின் உட்புறத்தைத் திறந்து பார்க்காமல் எவரும் சொல்ல முடியாது. படத்தைப் பார்த்து 'தாராளமாகத் தாங்கும்' என்று சொல்பவரை நம்பவும் வேண்டாம்.

முதலில் எடை. கியர் வைத்த சாதாரண சைக்கிள் ஒன்று 14 கிலோ அளவில் இருக்கும். நீங்கள் குறிப்பிட்டிருக்கும் உங்கள் அப்பாவின் பழைய சைக்கிள், கேரியர், ஸ்டாண்டு, செயின் கவர் எல்லாம் சேர்த்து 20 கிலோவைத் தாண்டும். மகனின் சிறிய சைக்கிள் 12 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். ஆக நான்கும் சேர்ந்து 60 கிலோவைத் தொட்டுவிடுகின்றன. இத்தாலியின் ஃபியாமா, ஸ்வீடனின் தூலே போன்ற நிறுவனங்கள் மோட்டார்ஹோமின் பின்சுவருக்கென்று செய்யும் ரேக்குகளில் பெரும்பாலானவற்றின் உச்ச வரம்பும் அந்த 60 கிலோதான். 35, 50 கிலோ வரம்புள்ளவையும் உண்டு. 'நான்கு சைக்கிள் ரேக்' என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது சைக்கிள் சக்கரங்கள் உட்காரும் தண்டவாளங்களின் எண்ணிக்கையைத்தான் சொல்கிறது. உங்கள் வீட்டுச் சைக்கிள்களின் எடை அந்தக் கணக்கில் இல்லை. நாளைக்கு ஒரு பேட்டரி சைக்கிள் வாங்கினால் அது ஒன்றே 22, 25 கிலோ வரும். பேட்டரியைக் கழற்றி உள்ளே வைத்தால் இரண்டு மூன்று கிலோ குறையும், அவ்வளவே. ஸ்கூட்டரை இப்படி மாட்டலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அது 100 கிலோவுக்கு மேல் உள்ள வண்டி. சுவர் ரேக் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

இனி இந்தச் சுமை வண்டியில் எங்கே போய் உட்காருகிறது என்று பாருங்கள். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துச் சுமப்பதற்கும், அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இங்கேயும் வேலை செய்கிறது. பின் ஆக்சிலுக்குப் பின்னால் தொங்கும் சுமை, பின் சக்கரங்களின் மேல் தன் எடையை விட அதிகமாக அழுத்தும். அந்த அதிகப்படி முன் சக்கரங்களிலிருந்து எடுக்கப்படுவது. சைக்கிள்கள் 60 கிலோ, ரேக்கும் அதன் தாங்கிகளும் 20 கிலோ, மொத்தம் 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சைக்கிள்களின் நடுப்பகுதி பின் ஆக்சிலிலிருந்து ஏறத்தாழ 1.7 மீட்டர் தள்ளி இருந்தால் அது உங்கள் வீல்பேஸில் பாதி. அப்போது முன் ஆக்சிலில் 80-இன் பாதியான 40 கிலோ குறைகிறது. பின் ஆக்சிலில் 80 அல்ல, 120 கிலோ கூடுகிறது. உங்கள் தண்ணீர்த் தொட்டியும் பின் ஆக்சிலுக்குப் பின்னால் இருக்குமானால் அந்த 100 கிலோவும் இதே கணக்கில் சேரும். முன்பக்கம் இலேசாகும் வண்டியில் ஸ்டியரிங்கின் பிடிப்புக் குறைவதை ஓட்டுபவர் வளைவுகளில் உணரலாம். நான்குவழிச் சாலையில் நேராகப் போகும்போது இது அவ்வளவாகத் தெரியாது. வத்தலக்குண்டைத் தாண்டி மலையேறும்போதும், போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் தெரியும்.

ஆகவே ரேக் வாங்கப் போவதற்கு முன் ஓர் எடைமேடைக்குப் போய் வாருங்கள். அரிசி ஆலைகள், இரும்புக் கிடங்குகள் இருக்கும் பகுதிகளில் எல்லாம் எடைமேடை உண்டு, கட்டணமும் சிறிதுதான். தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, டீசல் நிரப்பி, கேஸ் சிலிண்டரை வைத்து, பயணத்தில் வரும் அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு மூன்று முறை எடை போடச் சொல்லுங்கள்: முழு வண்டி ஒரு முறை, முன் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்க ஒரு முறை, பின் சக்கரங்கள் மட்டும் நிற்க ஒரு முறை. முழு எடையை ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மொத்த எடை வரம்போடும், பின் ஆக்சில் எடையைத் தயாரிப்பாளர் கொடுத்திருக்கும் ஆக்சில் வரம்போடும் ஒப்பிடுங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் சுமைக் குறியீட்டு எண்ணையும் பார்க்க வேண்டும். 106 என்று இருந்தால் ஒரு டயர் 950 கிலோ வரை தாங்கும் என்று பொருள். இந்த மூன்றில் எது முதலில் முட்டுகிறதோ அதுதான் உங்கள் எல்லை. படுக்கைக்குக் கனமான பிளைவுட், கிரானைட் மேடை, இரட்டை பேட்டரி என்று வைத்துக் கட்டிய வண்டிகளில், ஒரு சைக்கிள் கூட ஏற்றாத நிலையிலேயே பின் ஆக்சில் வரம்பை ஒட்டி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அப்படியிருந்தால் ரேக் யோசனையைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் உள்ளே இருப்பதைக் குறைக்க வேண்டும்.

எடையில் இடம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு பின்சுவருக்கு வருவோம். சுவரில் மாட்டும் ரேக்கின் மேல் போல்ட்டுகள் சுவரை வெளியே இழுக்கின்றன; கீழ்த் தாங்கிகள் சுவரை உள்ளே தள்ளுகின்றன. 80 கிலோ, சுவரிலிருந்து 35 செ.மீ. தள்ளி நிற்கிறது, மேல் போல்ட்டுக்கும் கீழ்த் தாங்கிக்கும் நடுவே 80 செ.மீ. இடைவெளி என்றால், வண்டி நிற்கும்போது மேல் போல்ட்டுகளின் மேல் விழும் இழுவை 35 கிலோ. வேகத்தடையில் பின்பக்கம் தூக்கிப் போடும்போது அது பல மடங்காகும். நாங்கள் கணக்குப் போடும்போது மூன்று மடங்கு என்று எடுத்துக்கொள்வோம், ஆக 105 கிலோ. எட்டு மில்லிமீட்டர் போல்ட்டுக்கு இது ஒரு சுமையே இல்லை. ஆனால் அந்த போல்ட்டைப் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு மில்லிமீட்டர் கூட இல்லாத தகடு மட்டும்தான் என்றால், அது ஒரே நாளில் கிழியாது. துளையைச் சுற்றி மயிரிழை போல விரிசல் விட்டு, பெயின்ட் உதிர்ந்து, துரு இறங்கி, சில மாதங்கள் கழித்து ஒரு மழைக்காலத்தில் உள்ளே பிளைவுட் உப்பும்போதுதான் தெரியவரும். மேலும் கீழும் உள்ள தாங்கிகளின் இடைவெளி 80 செ.மீ.யிலிருந்து 40 ஆகக் குறைந்தால் இழுவை இரட்டிப்பாகும் என்பதையும் இதே கணக்கில் பார்த்துக்கொள்ளுங்கள். குள்ளமான ரேக் பார்வைக்கு அடக்கமாக இருக்கும். சுவருக்கு அது கெடுதல்.

ஐரோப்பிய மோட்டார்ஹோம்களின் சுவர் வேறு வகை. வெளியே அலுமினியம் அல்லது ஃபைபர் தகடு, நடுவே ஃபோம், உள்ளே மெல்லிய பிளைவுட் என்று ஒட்டிச் செய்த பலகை அது. அந்த நாட்டுக் காணொளிகளில் சுவரைத் துளைத்து உள்பக்கம் அகலத் தகடு வைத்து முடுக்குவதைப் பார்த்துவிட்டு அப்படியே இங்கே செய்யச் சொல்கிறார்கள். நம் ஊரில் கட்டும் பாடி அப்படியில்லை. இரும்புச் சதுரக் குழாயில் கூடு கட்டி, வெளியே ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) அல்லது அலுமினியத் தகடு அடித்து, உள்ளே பிளைவுட் போர்த்துவது கரூரிலிருந்து இங்கே வரை வழக்கம். இதில் ஒரு வசதி உண்டு: குழாய்க்கூட்டில் போல்ட் விழுந்தால் ஐரோப்பியச் சுவரை விட உறுதியாக நிற்கும். குழாய்க்கு இரண்டு அங்குலம் தள்ளி விழுந்தால் வெறும் தகடுதான். வெளித்தகடு அலுமினியமாக இருந்தால் ஒரு காந்தத்தை நகர்த்திப் பார்த்தே குழாய் எங்கே ஓடுகிறது என்று கண்டுபிடித்துவிடலாம். ஜி.ஐ. தகடாக இருந்தால் காந்தம் எல்லா இடத்திலும் ஒட்டும். ரிவெட் வரிசையைப் பார்த்து ஊகிக்கலாம், ஆனால் ஊகித்துத் துளையிடக் கூடாது. உள்பக்கப் பிளைவுட்டை ஒரு பலகையாவது கழற்றி, கூட்டைக் கண்ணால் பார்த்து, ஒயர் எங்கே போகிறது, கேஸ் குழாய் எங்கே போகிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டு அதன் பிறகே டிரில்லைக் கையில் எடுக்க வேண்டும். ரேக்கின் தாங்கிகள் குழாய்களுக்கு நேராக வரவில்லை என்றால், இரண்டு குழாய்களுக்குக் குறுக்கே உள்பக்கமாக ஒரு பட்டை அல்லது சேனலைக் கொடுத்து அதில் போல்ட்டைப் பிடிக்கலாம்.

கம்பெனிக் கதவு அப்படியே இருக்கும் வண்டியில் நிலைமை இன்னும் கறாரானது. கதவில் மாட்டினால் 80 கிலோவையும் கீல்கள் சுமக்க வேண்டும். கீல் சற்றே இறங்கினாலும் கதவு சரியாகச் சாத்தாது, ரப்பர் வழியாகப் புழுதி வரும். ஐரோப்பாவில் ஃபியட் டுகாட்டோ போன்ற வேன்களின் கதவுக்கென்று தனியாக அளவெடுத்துச் செய்த ரேக்குகள் கிடைக்கின்றன. டிராவலரின் வம்சம் வேறு. அது பழைய மெர்சிடிஸ் டி1 வேனின் வழிவந்தது. டுகாட்டோவின் கதவு வளைவுக்குச் செய்த கொக்கிகள் இதில் உட்காராது. அதற்கும் மேலாக, பின்கதவு அவசர வழியாகக் கணக்கில் கொள்ளப்பட்டிருந்தால் அதை ரேக்கால் அடைப்பது சட்டப்படி மட்டுமன்றி அறிவுப்படியும் தவறு. உள்ளே கேஸ் அடுப்பு வைத்திருக்கும் வண்டி உங்களுடையது. பின்பக்க ஏணியில் மாட்டிக்கொள்ளலாமா என்றால், கூடாது. அந்த ஏணி ஓர் ஆள் ஒரு நிமிடம் நிற்பதற்காக வைத்தது.

கூரைமேல் வைப்பதைப் பற்றியும் சிலர் யோசனை சொல்வார்கள். டிராவலரின் உயரத்தோடு சைக்கிளின் ஒரு மீட்டர் உயரத்தையும் கூட்டினால் மூன்றரை மீட்டரைத் தொடும். ரயில்வே சுரங்கப்பாதைகளில் உயரத் தடுப்புக் கம்பிகளும், கிராமத்துச் சாலைகளில் புளியமரக் கிளைகளும் இருக்கும் நம் பகுதியில் இது சரிவராது. அத்துடன் 20 கிலோ சைக்கிளை ஏணியில் ஏறி யார் தூக்கி வைப்பது?

எனவே உங்கள் வண்டிக்கு நான் சொல்வது சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், போல்ட் போட்டுப் பிடிக்கும், கழற்றி மாட்டக்கூடிய ரேக். சேஸிஸ் சட்டத்தின் பின்முனையில் ஏற்கெனவே இருக்கும் துளைகளைப் பயன்படுத்தி, 8.8 என்று தலையில் பொறித்த உறுதித் தரமுள்ள 12 மி.மீ. போல்ட்டுகளால் இருபுறமும் ஒரு தாங்கியைப் பிடித்து, நடுவே 50 மி.மீ. சதுரக் குழாய் ஒன்றைக் குறுக்காகவோ நீளவாக்கிலோ கொடுத்து, அதற்குள் நுழைத்து ஒரு பூட்டு ஊசி போட்டு நிறுத்தும்படி ரேக்கைச் செய்தால், தேவையில்லாதபோது ரேக்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிடலாம். பின்சுவரில் துளையே வராது. மழைநீர்க் கேள்வியும் அதோடு போயிற்று. சேஸிஸ் சட்டத்தில் புதிதாகத் துளையிடவோ, குறிப்பாக அதன் மேல், கீழ் விளிம்புகளில் துளையிடவோ வெல்டிங் வைக்கவோ விடாதீர்கள். வெல்டிங் சூடு பட்ட இடத்தில் சட்டத்தின் பலம் குறைந்து, பின்னாளில் அங்கிருந்துதான் விரிசல் கிளம்பும். தாங்கிகளைத் தனியே கீழே வைத்து வெல்டு செய்துவிட்டு வண்டியில் போல்ட் போடுவதுதான் முறை. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 வண்டியானால், எந்தக் காரணத்துக்காகவாவது வண்டியின் மேலேயே வெல்டிங் வைக்க நேர்ந்தால் பேட்டரி இணைப்பைக் கழற்றாமல் தொடக்கூடாது. மின்னணுப் பெட்டிக்கு ஆபத்து. கப்பலூர், கே.புதூர் தொழிற்பேட்டைகளில் இந்த வேலையைச் செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். வரைபடம் போட்டுக்கொண்டு போனால் வேலை சுத்தமாக முடியும்.

இந்த வகையிலும் குறை உண்டு. ரேக் தாழ்வாக நிற்பதால், பின்பக்கம் மேலும் நீண்டு, வேகத்தடையிலும் சரிவுப் பாதையின் முனையிலும் தரையைத் தட்டலாம். இதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பதை விட, வண்டியை முழுச் சுமையோடு நிறுத்தி, பின்டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து ரேக்கின் கீழ்முனைக்கு ஒரு கயிற்றை இழுத்துப் பிடித்துப் பார்ப்பது எளிது. கயிறு எவ்வளவு படுத்திருக்கிறதோ அவ்வளவு தட்டும். ஸ்டெப்னி பின்பக்கம் கீழே தொங்குவதானால் அதை இறக்க வழி விட வேண்டும். சைலன்சர் வாய்க்கு நேரே சைக்கிள் டயர் வந்தால் ஒரு மலையேற்றத்துக்குள் ரப்பர் இளகிவிடும். வளைவில் திரும்பும்போது பின்முனை எதிர்ப்பக்கம் வீசும் தூரமும் கூடுவதால், கொண்டை ஊசியில் மலைச்சுவர்ப் பக்கம் ஒட்டித் திருப்பும் பழக்கம் உள்ளவர்கள் அதை மாற்றிக்கொள்ள வேண்டும். சைக்கிள் ஏறத்தாழ 1.8 மீட்டர் நீளம். குறுக்காக நிற்கும்போது அதன் முனைகள் வண்டியின் அகலத்துக்குள் அடங்குகின்றனவா என்றும் அளந்துகொள்ளுங்கள்.

சுவரில்தான் மாட்ட வேண்டும் என்ற முடிவுக்கு வந்தால், கசிவைப் பற்றிய உங்கள் கேள்விக்குப் பதில் இது: ஒழுங்காக அடைத்த துளை கசியாது, ஆனால் நம் பட்டறைகளில் துளையை அடைக்கும் வழக்கம் ஒழுங்கானது அல்ல. எம்-சீல் வைத்து அடைப்பார்கள். அது கல்லாக இறுகிவிடும், வண்டி அதிரும்போது ஓரத்தில் விட்டுக்கொடுத்துவிடும். சாதாரண சிலிகான் வைத்தால் பின்னால் அந்த இடத்தில் பெயின்ட் பிடிக்காது, மறுபடி ஒட்டவும் ஒட்டாது. இறுகிய பிறகும் ரப்பர் போல் நெகிழ்ந்து கொடுக்கும் பாலியூரித்தேன் சீலன்ட் வாங்குங்கள். சிக்காஃப்ளெக்ஸ் போன்றவை இங்கேயே கிடைக்கின்றன. உள்பக்கமிருந்து மூன்று மில்லிமீட்டர் துளையை முதலில் போட்டு, வெளியே சரியான இடத்தில் வருகிறதா என்று பார்த்து, பிறகு எட்டரை மில்லிமீட்டராகப் பெருக்க வேண்டும். துளையின் வெட்டு முனையில் அரம் போட்டு, துத்தநாக பிரைமர் தடவி உலரவிட வேண்டும். டிரில் செய்யும்போது பறக்கும் இரும்புத் தூளைத் துடைக்காமல் விட்டால், ஒரே வாரத்தில் வெள்ளைப் பெயின்ட்டின் மேல் பழுப்புப் புள்ளிகளாகத் துரு பூக்கும். வெளித்தகட்டுக்கும் உள்பலகைக்கும் நடுவே வெற்றிடம் இருந்தால், சுவரின் தடிமனுக்குச் சரியாக வெட்டிய ஒரு குழாய்த் துண்டை போல்ட்டுக்கு உறையாகப் போட வேண்டும். அது இல்லாமல் முடுக்கினால் முடுக்க முடுக்கச் சுவர் உள்ளே குழியும், அந்தக் குழியில்தான் தண்ணீர் தேங்கும். போல்ட்டின் தண்டிலும் தாங்கியின் அடியிலும் சீலன்ட்டைத் தாராளமாகப் பூசி, உள்பக்கம் குறைந்தது 75 மி.மீ. சதுரத் தகடு கொடுத்து, நைலான் வளையம் வைத்த நட்டுப் போட்டு முடுக்குங்கள். அந்தப் பகுதியின் உள்பலகை சாதாரண கமர்ஷியல் பிளை என்றால், கழற்றியது கழற்றியதாக ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளையாக மாற்றிவிடுவது நல்லது. அலுமினிய ரேக்கில் ஸ்டெயின்லெஸ் போல்ட் போடும்போது நடுவே நைலான் வாஷர் வையுங்கள். ராமேஸ்வரத்தின் உப்புக் காற்றில் இரண்டு உலோகங்களும் நேராகத் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் வெள்ளைத் தூளாக அரிக்கும்.

சட்டத்தைப் பற்றி. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களும் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பும் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-இல் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். 2017-இல் முன்பக்க இரும்புத் தடுப்புகளை அகற்றச் சொல்லி மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியதும் இந்த 52-ஆவது பிரிவைக் காட்டித்தான். இவை உறுதியானவை. போல்ட்டைக் கழற்றினால் எடுத்துவிடக்கூடிய சைக்கிள் ரேக் 'மாற்றம்' என்ற வரையறைக்குள் வருகிறதா என்பதில் அதிகாரிக்கு அதிகாரி கருத்து மாறுகிறது. சேஸிஸோடு வெல்டு செய்தது மாற்றம் என்பதில் வாதாட இடமே இல்லை; கழற்றக்கூடியதற்கு வாதாட இடம் உண்டு. கேம்பராக மாற்றியது ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். ஏறாத வண்டியில் ரேக்கைப் பற்றிக் கவலைப்படுவது பிறகு. எஃப்.சி.க்கு (வண்டியின் தகுதிச் சான்றுக்கு) போகும்போது பிரேக் இன்ஸ்பெக்டரிடம் ரேக்கின் படத்தைக் காட்டிக் கேட்டுவிடுவதும், இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதி நகல் வைத்துக்கொள்வதும் நல்லது. எனக்குத் தெரிந்தது பட்டறைக் கண்ணோட்டம்தான். வழக்கு என்று வந்தால் வழக்கறிஞர் சொல்வதே சரி.

ஆனால் நடைமுறையில் உங்களை நிறுத்துவது ரேக்காக இருக்காது, நம்பர் பிளேட்டாக இருக்கும். பின் நம்பர் பிளேட்டையும் பின் விளக்குகளையும் சைக்கிள் மறைத்தால் அது குற்றம் என்பதில் இரு கருத்தில்லை. இரவில் அந்த எண்ணுக்கு வெளிச்சம் காட்டும் விளக்கும் தெரிய வேண்டும். ஐரோப்பாவில் இதற்கு விளக்குகளும் இன்னொரு நம்பர் பிளேட்டும் வைத்த பலகை ஒன்றை ரேக்கின் பின்னால் கட்டிக்கொள்கிறார்கள். இத்தாலியிலும் ஸ்பெயினிலும் சிவப்பு வெள்ளைச் சாய்கோடு போட்ட 50 செ.மீ. சதுரப் பலகையும் கட்டாயம். இங்கே உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட் முறை இருப்பதால், ஸ்டிக்கர் கடையில் எழுதிய இரண்டாவது பிளேட்டைக் கட்டி ஒப்பேற்ற முடியாது. ஆகவே பிளேட்டும் விளக்குகளும் மறையாத உயரத்தில் ரேக்கை அமைப்பதுதான் வழி. விளக்கில் ஒரு பகுதி மறைந்தே தீரும் என்றால், லாரி விளக்குக் கடைகளில் கிடைக்கும் எல்.இ.டி. பின் விளக்கு ஒரு ஜோடியை ரேக்கின் முனைகளில் வைத்து, கம்பெனி ஒயரை வெட்டாமல் ரிலே, ஃப்யூஸ் மூலம் இணையுங்கள். பின்னோக்கிப் பார்க்கும் சிவப்புப் பிரதிபலிப்பு டேப்பை ரேக்கின் முழு அகலத்துக்கும் ஒட்டுங்கள். தார்ப்பாய் போட்டு மூடுபவர்கள் உண்டு. அது காற்றைப் பிடித்து ரேக்கைப் பின்னுக்கு இழுக்கும், விளக்கையும் மறைக்கும். நனைந்தால் நனையட்டும் என்று விட்டுவிடலாம்.

ஏற்றும் முறையில் சொல்ல அதிகமில்லை. கனமானது வண்டியை ஒட்டி, இலேசானது வெளியே. ஒன்று இடப்பக்கம் பார்த்தால் அடுத்தது வலப்பக்கம் பார்க்க வேண்டும், அப்போதுதான் ஹேண்டில்பார்கள் முட்டிக்கொள்ளாது. பெடல் அடுத்த சைக்கிளின் பெயின்ட்டைக் கிழிக்கும். கழற்றிவிடலாம், இடப்பக்கப் பெடலின் மரை மட்டும் எதிர்ப்பக்கம் சுழலும் என்பதை நினைவில் வையுங்கள். ரேக்கின் பிடிகள் பெரும்பாலும் மேல் பாரைப் பிடிக்கும்படி செய்தவை. பார் இல்லாத லேடீஸ் சைக்கிளுக்குச் சீட் தண்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே மாட்டும் தனிக் கம்பி வேண்டும். பழைய சைக்கிள் ட்யூப்பை நீளவாக்கில் கிழித்து, உலோகம் உலோகத்தைத் தொடும் இடத்திலெல்லாம் சுற்றுவது கடையில் விற்கும் எந்த உறையையும் விட நன்றாக உழைக்கிறது. ராட்செட் பெல்ட் இரண்டு, சக்கரங்களையும் சேர்த்துச் சுற்றி வண்டியின் சட்டத்தில் கட்ட வேண்டும். பெல்ட்டின் வால் காற்றில் படபடக்க விடாதீர்கள், அதுவே தேய்ந்து அறுந்துபோகும்.

உங்கள் அப்பாவின் சைக்கிளைப் பற்றி என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். மட்கார்டும் ஸ்டாண்டும் உள்ள அந்தச் சைக்கிள் மெல்லிய தண்டவாளத்தில் சரியாக உட்காராது, எடையில் மூன்றில் ஒரு பங்கை அது ஒன்றே எடுத்துக்கொள்கிறது. அதை வீட்டில் விட்டுவிட்டு, இரண்டு கியர் சைக்கிள்களை மட்டும் சேஸிஸ் ரேக்கில் பின்னால் வைத்து, மகனுடையதை முன் சக்கரம் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் படுக்க வைத்தால், பின்னால் தொங்கும் சுமை ரேக்கோடு சேர்த்து 50 கிலோவுக்குள் அடங்கும். பின் ஆக்சிலில் கூடுவது 75 கிலோவுக்கு மேல் போகாது. கொடைக்கானல் ஏரிக்கரையில் வாடகைச் சைக்கிள் கிடைக்கிறது. அப்பாவுக்கு அங்கே ஒன்று எடுத்துக்கொள்ளலாம்.

மாட்டிய பிறகு முதல் ஐம்பது கிலோமீட்டரில் ஒரு முறை நிறுத்தி எல்லா நட்டுகளையும் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள்; புது போல்ட் முதல் ஓட்டத்தில் சற்றே தளரும். நட்டிலிருந்து போல்ட் முனை வரை பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்துவிட்டால் அடுத்த முறை ஸ்பேனர் இல்லாமலே தளர்ச்சி தெரியும். மலைப்பயணம் முடிந்து வந்ததும் வெல்டு முனைகளிலும் தாங்கியின் மூலைகளிலும் மயிரிழைக் கோடு எதுவும் இருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இருந்தால் அதன் மேலேயே மறு வெல்டு வைக்காமல் தாங்கியை மாற்றிவிடுங்கள். பின்பக்கத்தின் உட்புறப் படம் ஒன்று, ஆர்.சி.யில் உள்ள இரண்டு எடைகள் (வெறும் வண்டியின் எடை, மொத்த எடை வரம்பு), எடைமேடைச் சீட்டில் வரும் முன், பின் ஆக்சில் எடைகள், பின் ஆக்சிலிலிருந்து பம்பர் வரை உள்ள தூரம் ஆகியவற்றை இதற்குக் கீழே எழுதினால், தாங்கியின் அளவையும் போல்ட் விழ வேண்டிய இடத்தையும் வரைந்து தருகிறேன்.